சந்தா, சான்று, விலக்கும் அதிகாரம்: சியால்கோட் உற்பத்தியாளர் சங்கங்கள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

வளரும் நாடுகளில் தொழில் அமைப்புகளின் திறனை வளர்க்கும் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகின்றன. நிர்வாகிகளுக்கு மூன்று நாள் பயிலரங்கு, ஐந்தாண்டுத் திட்ட ஆவணம், புது இணையதளம், இரண்டு கணினி, தலைவருக்கும் செயலாளருக்கும் ஒரு வெளிநாட்டுப் பயணம். நிதி நிற்கிற மாதமே செயலகமும் நின்றுவிடும். பயிற்சி மோசமாக இருந்ததால் இப்படி ஆவதில்லை. பயன்படுத்த வேலை எதுவும் கையில் இல்லாத சங்கத்துக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்ததுதான் காரணம்.

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்திலுள்ள சியால்கோட்டில் வரிசை தலைகீழாக இருந்தது. தனி ஒரு நிறுவனத்தால் தீர்க்க முடியாத சிக்கல் முதலில் வந்தது; சங்கத்தின் திறன் அதற்குப் பிறகு, அந்தச் சிக்கலைத் தீர்க்கும் போக்கில் வளர்ந்தது. வளர்ந்த இடங்களையும் வளராமல் போன இடங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஊரும் தொழிலும்

அறுவைசிகிச்சைக் கருவிகள், கையால் தைக்கும் கால்பந்துகள், தோல் கையுறைகள், விளையாட்டு உடைகள் ஆகியவை சியால்கோட்டின் தொழில்கள். உற்பத்தியில் மிகப் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே போகிறது. கராச்சித் துறைமுகமோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். கருவித் தொழிலில் உலகின் உயர்தரச் சந்தை ஜெர்மனியின் டூட்லிங்கன் நகரத்தின் கையில் இருக்க, விலை குறைந்த சந்தையைச் சியால்கோட் பிடித்து வைத்திருந்தது.

ஓர் இடுக்கி உருவாக உருக்குத் துண்டை அச்சில் வைத்து அடிக்க வேண்டும். பிறகு கடைசல், அரம் போடுதல், வெப்பப் பதனம், சாணை, மெருகு, நைட்ரிக் அமிலத்தில் அரிமானத் தடுப்பு, கடைசிச் சோதனை. ஏற்றுமதியாளரின் கூரைக்குக் கீழே இதில் பாதி வேலைகூட நடப்பதில்லை. நடுவிலுள்ள கட்டங்கள் ஊர் முழுக்கப் பரவியிருக்கும் சிறு பட்டறைகளுக்குப் போய்த் திரும்புகின்றன. ஒரு கருவியின் தரம் என்பது அதைத் தொட்ட அத்தனை பட்டறைகளின் தரமும் சேர்ந்ததுதான். பின்னால் வந்த சிக்கலின் வேர் இங்கே இருந்தது.

1994: பெயரோடு சேர்ந்து வந்த தடை

1994-இல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. சியால்கோட் கருவிகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. நல்ல உற்பத்தி நடைமுறையை உற்பத்தியாளர்கள் பின்பற்றவில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. சரக்கு துறைமுகத்திலேயே தடுத்து வைக்கப்பட்டது. குறை இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்பவர் தலையில் விழுந்தது. ஒரே அடியில் பெரிய சந்தை ஒன்றின் கதவு சாத்தப்பட்டது.

இந்தத் தடை தவறு செய்தவரைத் தேடிப் பிடித்து அடிக்கவில்லை, ஊரின் பெயரை அடித்தது. ஒழுங்காக வேலை செய்தவரின் பெட்டியும் மோசமாகச் செய்தவரின் பெட்டியும் ஒரே கிடங்கில் மாட்டிக்கொண்டன. கூட்டுச் செயலுக்கு இதைவிட வலுவான தூண்டுதல் கிடைக்காது. பெரிய நிறுவனம் ஒன்று தன் காசில் தன்னைச் சரிசெய்துகொள்ளலாம். ஊர்ப் பெயரின் மேல் விழுந்த கறையைத் தனியாகத் துடைக்க அதனால் ஆகாது. அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்போடு பேசவும், சொந்த அரசிடம் நிதி கேட்கவும் ஒரே குரல் வேண்டியிருந்தது.

அந்தக் குரலாக அமைந்தது பாகிஸ்தான் அறுவைசிகிச்சைக் கருவி உற்பத்தியாளர் சங்கமான சிமாப். அதுவரை அது பெரும்பாலும் கோரிக்கை மனு எழுதும் அமைப்பாகவே இருந்தது. இப்போது அரசின் ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்போடு சேர்ந்து அமெரிக்கத் தர ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமர்த்தி, உறுப்பினர்களின் ஆலைகளுக்கே அனுப்பியது.

ஆலோசகர்கள் கற்றுக்கொடுத்ததில் பெரும்பகுதி உலோகத்தைப் பற்றியதல்ல, பதிவேடுகளைப் பற்றியது. நல்ல கருவி செய்யச் சியால்கோட்டின் கைகளுக்குத் தெரியும்; நல்ல கருவி செய்ததற்குச் சாட்சி வைக்கத் தெரியாது. ஒவ்வொரு கருவிக்கும் வரைபடம், பொருள், செயல்முறை அடங்கிய மூல ஆவணம் வேண்டும். ஒவ்வொரு உற்பத்தித் தொகுதிக்கும் எண் கொடுத்து, எந்த உருக்கு, எந்தப் பட்டறை, எந்த நாள் வெப்பப் பதனம் என்று பின்னோக்கித் தேட முடிய வேண்டும். அளவுகோல்களையும் உலையின் வெப்பமானியையும் குறித்த காலத்தில் அளவுத்திருத்தம் செய்து அதையும் எழுதி வைக்க வேண்டும். துருப்பிடிக்குமா என்று பார்க்கும் தாமிரச் சல்பேட்டுச் சோதனை, கொதிநீர்ச் சோதனை ஆகியவற்றின் முடிவுகள் தொகுதி எண்ணோடு இணைய வேண்டும். வாங்கியவர் குறை சொன்னால் அந்தப் புகாருக்கு ஒரு கோப்பு, அதன் மேல் எடுத்த நடவடிக்கைக்கு ஒரு குறிப்பு.

நடைமுறையில் இது முறிகிற இடம் துணைப்பட்டறை. 410, 420 வகை உருக்குகள் வெப்பப் பதனத்தால்தான் கடினம் பெறுகின்றன. பதன வெப்பநிலையோ குளிர்விக்கும் வேகமோ பிசகினால் கடினமும் கெடும், துருவைத் தாங்கும் தன்மையும் கெடும். கண்ணால் பார்த்தால் தெரியாது. மருத்துவமனையில் சில முறை நீராவியில் சுத்திகரித்த பிறகே புள்ளி புள்ளியாகத் தெரியும். பட்டறைக்காரர் சங்க உறுப்பினர் அல்லர், பயிற்சிக்கு அழைக்கப்பட்டவரும் அல்லர். அதனால் ஏற்றுமதியாளரின் கோப்பு முழுமையாக இருந்தும், அந்த ஒரு கட்டத்துக்கான வரி மட்டும் வெறுமையாகவோ யூகமாகவோ இருந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் முயற்சி பலன் தந்தது. தேர்ச்சி பெற்ற நிறுவனங்களின் எண்ணிக்கை பத்துப் பத்தாக ஏறியது, அமெரிக்க ஏற்றுமதி மீண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மருத்துவச் சாதன விதிப்படி 1998 ஜூன் முதல் விதிகளுக்கு உட்பட்ட பொருள் என்று காட்டும் சி.இ. குறி கட்டாயமானபோது, பதிவேட்டுப் பழக்கம் வந்திருந்தவர்கள் இரண்டாவது மலையை ஏறுவதற்கு முன்பே மூச்சுப் பழகியிருந்தார்கள்.

இது ஏன் வேலை செய்தது

பேச்சுவார்த்தையும் ஆலோசகரை அமர்த்துவதும் கூட்டாக நடந்தன. சான்று மட்டும் நிறுவனம் நிறுவனமாகக் கிடைத்தது. இந்தப் பிரிவினை தற்செயலாக அமைந்திருக்கலாம், ஆனால் எல்லாமே அதில்தான் தொங்கியது. ஊருக்கே மொத்தமாக ஒரு சான்று என்றிருந்தால், உழைக்காதவரும் உழைத்தவரின் நிழலில் ஒதுங்கியிருப்பார். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போக வேண்டும் என்றிருந்தால் நடுத்தர நிறுவனங்கள் செலவுக்கே பயந்து விலகியிருக்கும். கூட்டுப் பொருளையும் தனிப் பலனையும் இப்படிப் பிரித்து வைக்காத சங்கத் திட்டங்கள் இரண்டு ஆண்டில் சோர்ந்துபோகின்றன. பலன் எல்லோருக்கும் கிடைக்கும் என்றால் சந்தா கட்ட யாருக்கும் அவசரம் இருக்காது.

பணம் வந்த வழியையும் கவனிக்க வேண்டும். பாகிஸ்தானில் 1990-களின் தொடக்கத்திலிருந்து ஏற்றுமதி மதிப்பில் 0.25 விழுக்காடு மேம்பாட்டு மிகுவரியாகப் பிடிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பணம் வங்கிக்கு வரும்போதே கழித்துக்கொண்டதால் வசூலிக்க ஆள் வேண்டியிருக்கவில்லை, ஏய்ப்பும் குறைவு. ஆனால் பணம் அரசின் கையில் சேர்ந்தது. அதிலிருந்து தன் தொழிலுக்குப் பங்கு கேட்கத் தெரிந்த சங்கம் பெற்றது, தெரியாதது வாய் பார்த்தது. எத்தனை ஆலை, என்ன பயிற்சி, ஆலை ஒன்றுக்கு என்ன செலவு, எந்தச் சந்தை திரும்பக் கிடைக்கும் என்று எழுதித் தருவதே இங்கே திறன்.

நெருக்கடி தீர்ந்ததும் வேகம் குறைந்தது. பெரிய நிறுவனங்கள் தங்களுக்கென்று ஆலோசகர்களை வைத்துக்கொண்டு ஐ.எஸ்.ஓ. 9000 என்ற பன்னாட்டுத் தர மேலாண்மைத் தரநிலையின் பக்கம் நகர்ந்தன. துணைப்பட்டறைகளைத் தூக்கிவிடும் வேலை யாருடைய அவசரமாகவும் இல்லை. தடை என்ற வெளி அழுத்தம் கட்டிய கூட்டு, அழுத்தம் விலகியதும் தளர்வது இயல்புதான். அழுத்தம் இருக்கும்போதே நிலையான கட்டணச் சேவை ஒன்றை ஊன்றிவிட வேண்டும், அதற்கான காலம் குறுகியது.

1997: கால்பந்தும் கண்காணிப்பும்

இரண்டாவது அடி கால்பந்துத் தொழிலில் விழுந்தது. 32 துண்டுகளைக் கையால் தைத்துச் சேர்க்கும் வேலை கிராம வீடுகளில் நடந்தது, குழந்தைகளும் தைத்தார்கள். உலகச் செய்தி நிறுவனங்கள் அதைப் படம் பிடித்தன. 1997 பிப்ரவரி 14 அன்று அட்லாண்டாவில் சியால்கோட் வர்த்தக, தொழில் சபையும், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும், யுனிசெஃபும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன.

உடன்பாட்டின் உள்ளடக்கம் எளியது, நடத்துவது கடினம். தையல் வேலை வீடுகளை விட்டு, பதிவு செய்த தையல் மையங்களுக்கு வர வேண்டும். மையங்களையும் அங்கே தைப்பவர்களையும் உற்பத்தியாளர் பதிவு செய்து கொடுக்க வேண்டும். கண்காணிப்பாளர்கள் முன்னறிவிப்பின்றி வருவார்கள். வேலையிழக்கும் குழந்தைகளுக்குக் கல்வியும் குடும்பங்களுக்கு ஆதரவும் தனிப் பிரிவாக நடக்கும். சேர்வது உற்பத்தியாளரின் விருப்பம். ஆனால் சேராதவரிடம் வாங்கப் பெரிய பிராண்டுகள் தயங்கியதால், விருப்பம் மெல்ல மெல்ல நிபந்தனை ஆனது.

வர்த்தகச் சபைக்கு இது பழக்கமில்லாத வேலை. தன் உறுப்பினரைப் பற்றிய தகவலைத் திரட்டி, சரிபார்த்து, அவருக்கு எதிராகவே வெளியாளிடம் கொடுக்க வேண்டும். சந்தா கட்டுபவரைத் தண்டிக்கும் தெம்பு எந்தச் சபைக்கும் எளிதில் வராது. அதனால்தான் ஆய்வு செய்பவர் வெளியாளாக இருந்தது சரியான ஏற்பாடு. பின்னாளில் அந்தப் பணி உள்ளூரில் உருவான தனிக் கண்காணிப்பு அமைப்புக்கு மாறியபோது சிக்கலும் கூடவே மாறிவந்தது. கண்காணிக்கப்படுபவரின் பணத்தில் ஓடும் அமைப்பின் சொல்லை வாங்குநர்கள் முன்புபோல் எடுத்துக்கொள்ளவில்லை. 2006-இல் மிகப் பெரிய வாங்குநர் ஒருவர், அனுமதியில்லாத வீட்டுத் தையல் நடந்ததாகச் சொல்லி, முதன்மை உற்பத்தியாளர் ஒருவருடனான ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டார். ஏற்பாடு தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டு கழித்து!

இதைவிடப் பெரிய இழப்பு பெண்களுடையது. வீட்டில் இருந்தபடி தைத்தவர்களில் பலரால் ஆண்களும் வந்துபோகும் மையத்துக்குப் போக முடியவில்லை. குழந்தை வேலையை நிறுத்த வந்த திட்டம் தாயின் வருமானத்தையும் நிறுத்திவிட்டது. பெண்களுக்கென்று கிராமங்களிலேயே சிறு மையங்கள் பிறகு வந்தன. முதலிலேயே வந்திருக்க வேண்டியவை அவை. ஏன் வரவில்லை என்றால், பேச்சு மேசையில் உட்கார்ந்தவர்கள் ஏற்றுமதியாளர்களும் பன்னாட்டு அமைப்புகளும்தான். தைப்பவருக்கும் அவருக்கு வேலை கொண்டுவரும் இடைத்தரகருக்கும் அங்கே நாற்காலி இல்லை. உறுப்பினர் பட்டியலுக்கு வெளியே இருப்பவரின் செலவு சங்கத்தின் கணக்கில் ஒருபோதும் ஏறாது. திட்டம் வகுப்பவர்தான் அதை வலிந்து ஏற்ற வேண்டும்.

பயனர் கட்டணம் கட்டிய துறைமுகமும் விமான நிலையமும்

இவற்றுக்கு முன்பே 1980-களில் சியால்கோட் ஏற்றுமதியாளர்கள் உலர் துறைமுகம் ஒன்றை அறக்கட்டளையாக அமைத்திருந்தார்கள். கராச்சியில் நடக்க வேண்டிய சுங்கச் சோதனை ஊரிலேயே முடிந்தது. அதே வழியில் வணிகர்கள் பங்குப் பணம் போட்டுக் கட்டிய பன்னாட்டு விமான நிலையம் 2007-இல் செயல்படத் தொடங்கியது. அதன் ஓடுதளம் 3.6 கிலோமீட்டர். இவை தர்ம காரியங்கள் அல்ல. பெட்டிக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்று பயன்படுத்துபவர் கட்டணம் செலுத்துகிறார். செலுத்தாதவருக்குச் சேவை இல்லை. தடைக் காலத்துக் கூட்டைவிட இந்தக் கூட்டுக்கு ஆயுள் அதிகமாக இருப்பதன் விளக்கம் இதிலேயே இருக்கிறது.

டாக்காவோடு ஓர் ஒப்பீடு

உறுப்பினராகாதவரையும் பணம் செலுத்தாதவரையும் சேவையிலிருந்து விலக்கும் அதிகாரம் அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசத்தின் ஆடை உற்பத்தியாளர், ஏற்றுமதியாளர் சங்கமான பி.ஜி.எம்.இ.ஏ. நல்ல எடுத்துக்காட்டு. 1983-இல் தொடங்கிய இந்தச் சங்கத்துக்கு, இறக்குமதித் துணி எவ்வளவு எந்த ஆர்டருக்குப் பயன்படுகிறது என்று சான்றளிக்கும் வேலையை அரசு ஒப்படைத்தது. அந்தச் சான்று இல்லாமல் வரியில்லாத் துணி கிடைக்காது. ஏற்றுமதி செய்ய நினைப்பவர் உறுப்பினராகாமல் தப்ப முடியாது. சந்தா பிரச்சினையே இல்லை.

இந்த வலிமை நல்லதையும் செய்தது. 1995 ஜூலையில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் ஆகியவற்றோடு செய்த ஒப்பந்தப்படி ஆலைகளிலிருந்து குழந்தைகள் பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள், மாதம் 300 டாகா (வங்கதேச நாணயம்) உதவித்தொகையோடு. ஆனால் கட்டாய உறுப்பினர்களைக் கொண்ட சங்கத்துக்கு அவர்களைத் திருப்திப்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. ஆலைப் பாதுகாப்பில் சங்கம் தானாக முந்தியிருக்க வேண்டிய வேலை, 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா இடிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, வெளிநாட்டு வாங்குநர்களும் தொழிற்சங்கங்களும் செய்த உடன்பாட்டின் வழியாகவே வேகம் பிடித்தது. சங்கத்தின் தலைமையகமே நீர்நிலையில் சட்டவிரோதமாகக் கட்டப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கட்டட விதிகளைப் பற்றி அதற்குப் பிறகு அந்தச் சங்கம் யாருக்கு என்ன சொல்ல முடியும்?

வேறோர் இடத்தில் செய்வதானால்

முதல் வேலை உறுப்பினர் பட்டியலைக் கழுவுவது. கடந்த பன்னிரண்டு மாதத்தில் சந்தா கட்டியவர் யார், பெயரளவில் இருப்பவர் யார், அந்தத் தொழிலின் மொத்த நிறுவனங்களில் எத்தனை பங்கு, மொத்த உற்பத்தியில் எத்தனை பங்கு என்று நான்கு எண்கள் போதும். பாதிக்கு மேல் பெயரளவு என்றால் பயிலரங்குப் பணத்தை அப்படியே வைத்துவிட்டு ஆலை ஆலையாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்பது நல்லது. கேட்கும்போது “சங்கம் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்கக் கூடாது, விருப்பப் பட்டியல்தான் வரும். “சென்ற ஆண்டு எந்தச் சிக்கலுக்காக வெளியாளுக்குப் பணம் கொடுத்தீர்கள்?” என்று கேட்டால் சேவையின் பெயரும் விலையும் சேர்ந்தே கிடைக்கும்.

ஒரே ஒரு சேவையோடு தொடங்க வேண்டும். சோதனைச் சாலை என்றால் கருவியின் விலையோடு, ஆண்டுதோறும் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுத்திருத்தம், உதிரிப்பாகம், வேதிப்பொருள் செலவுக்கென்று ஒதுக்கியே கணக்குப் போட வேண்டும். உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்க நன்கொடையாக வந்த நிறமாலைமானி துணி போர்த்தி மூலையில் நிற்பதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு வரி விடுபட்டதே காரணம். உறுப்பினருக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு அதைவிடக் கூடுதல். இலவசம் யாருக்கும் வேண்டாம், தலைவரின் நிறுவனத்துக்கும்தான்.

சந்தாவை விற்றுமுதல் அடிப்படையில் நான்கைந்து படியாக வைக்கலாம். மேல்படிக்காரர் கூடுதலாகக் கட்டினாலும் வாக்கு ஒன்றுதான் என்றால் அவர் விலகுவார். கட்டிய அளவுக்கு வாக்கு என்றால் சிறியவர் விலகுவார். செயற்குழுவில் படிவாரியாக இடம் ஒதுக்குவது பெரும்பாலும் இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும் வழி. துணைப்பட்டறைகளுக்குக் குறைந்த சந்தாவில் துணை உறுப்பினர் தகுதியும், வாக்குள்ள இரண்டு இடமும் கொடுத்தால், சியால்கோட்டில் வெறுமையாக இருந்த அந்த ஒரு வரி நிரம்ப வாய்ப்புண்டு.

செயலகத்துக்கு ஆரம்பத்தில் மூவர் போதும்: செயலாளர், கணக்கும் உறுப்பினர் பணியும் பார்ப்பவர், தொழில் தெரிந்த நுட்ப அலுவலர். முதல் இருவரின் சம்பளம் சந்தாவிலிருந்துதான் வர வேண்டும். திட்ட நிதியிலிருந்து செயலாளருக்கு மேல்தொகை கொடுப்பது நன்கொடையாளர்கள் நல்லெண்ணத்தில் செய்யும் கேடு; அவர் உறுப்பினரை விட்டுவிட்டு நன்கொடையாளருக்கு வேலை செய்யத் தொடங்குவார். அலுவலகம் தலைவரின் ஆலைக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் போட்டி நிறுவனத்தார் உள்ளே வரமாட்டார்கள், தலைவர் மாறும்போது கோப்புகளும் மாயமாகும். ஆலோசகர் ஒப்பந்தத்தில் பயிற்சி ஆவணங்கள், படிவங்கள் எல்லாம் சங்கத்தின் சொத்து என்று ஒரு பிரிவு சேர்க்காவிட்டால், அடுத்த ஆண்டு அதையே திரும்ப விலை கொடுத்து வாங்க நேரும்.

அரசுக்குத் தரும் மனு இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எந்த அறிவிக்கை, எந்தப் பிரிவு, இப்போதைய சொற்கள் என்ன, மாற வேண்டிய சொற்கள் என்ன, சரக்குத் தொகுதி ஒன்றுக்கு எத்தனை நாள், எவ்வளவு பணம் வீண். இதை எழுத எண்கள் வேண்டும். எண்களைத் தர உறுப்பினர் அஞ்சுவார். தனி நிறுவனத்தின் எண்ணை நுட்ப அலுவலர் மட்டும் பார்ப்பார், செயற்குழு கூட்டுத்தொகையை மட்டுமே பார்க்கும் என்று விதிகளிலேயே எழுதிவிட வேண்டும். விலையும் உற்பத்தி அளவும் சங்கக் கூட்டத்தில் பேசப்படக் கூடாத பொருள்கள். பாகிஸ்தானில் 2009-இல் சிமென்ட் நிறுவனங்கள் மீதும் அவற்றின் சங்கத்தின் மீதும் போட்டி ஆணையம் தண்டம் விதித்தது இந்தக் காரணத்துக்காகத்தான். கூட்டக் குறிப்பேடுதான் இத்தகைய வழக்குகளில் முதல் சான்றாகும்.

நன்கொடையாளர் விலகி இரண்டாண்டு கழித்துப் போய்ப் பார்ப்பவர் மூன்று எண்களைக் கேட்க வேண்டும். சம்பளத்தில் எத்தனை பங்கு சந்தாவிலும் சேவைக் கட்டணத்திலும் வருகிறது. ஆறு மாதச் செலவுக்கான இருப்பு வங்கியில் உண்டா. எத்தனை பேருக்குச் சான்று மறுக்கப்பட்டது. மூன்றாவது எண் பூஜ்யமாக இருந்தால் முதல் இரண்டையும் நம்புவதற்கு முன் கணக்குப் புத்தகத்தையும் ஆய்வுப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.